கோப்பு இல்லை என்றால் திரும்பி வராதீர்கள்

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் பேசுவோர் வரலாறு பேசுவார்கள், வாழ்த்துரைப்பார்கள். நானோ மிகச் சிறிய பொருள் ஒன்றைப் பேச வந்திருக்கிறேன். அரசு இணையதளத்திலிருந்து சான்றிதழையோ ஆணையையோ நூலையோ பதிவிறக்கம் செய்யப் போகிறோம். திரையில் '404 – கோப்பு காணப்படவில்லை' என்று வருகிறது. அந்நேரத்தில் என்ன செய்வது? இதுவே என் பொருள். இவ்வளவு பெரிய விழாவில் இவ்வளவு சிறிய செய்தியா என்று எண்ணாதீர்கள். ஒரு மாணவியின் படிப்பே இதில் சிக்கிக்கொண்டதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. திருத்தங்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த நம் பெண் ஒருத்தி செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். தாய் சரவெடி பின்னும் தொழிலாளி. உதவித்தொகை விண்ணப்பத்திற்குச் சாதிச் சான்றிதழின் கோப்பை ஏற்ற வேண்டும். மறுநாள் கடைசி நாள். அச்செடுத்து வைத்திருந்த தாள் மழையில் நைந்துபோயிருந்தது. முன்பு கணினி மையத்தில் எவரோ கைப்பேசிக்கு அனுப்பிவைத்த இணைப்பு மட்டும் கையில் இருந்தது. அதைத் தொட்டால் '404' என்றது திரை. "சான்றிதழ் அழிந்துவிட்டது, புதிதாக மனுப் போடுங்கள், இரண்டு மூன்று வாரம் ஆகும்" என்றார் மையத்துக்காரர். அன்றைய கூலியையும் இழந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாய் நம் படிப்பகத்திற்கு வந்தார். "எங்க பேரே அதுல இல்லையாம் சார்" என்றார்.

உண்மையில் என்ன நடந்திருந்தது? அந்த இணைப்பு ஓராண்டுக்கு முற்பட்டது. இடையில் இணையதளத்தின் உள்வழிகளை மாற்றி அமைத்துவிட்டார்கள். தளத்தின் முகப்பு வழியாக நுழைந்து, பழைய குறுஞ்செய்தியில் இருந்த விண்ணப்ப எண்ணைக் கொடுத்துத் தேடினோம். வட்டாட்சியரின் மின்கையொப்பத்தோடு சான்றிதழ் அப்படியே இருந்தது. பத்து நிமிட வேலை. சான்றிதழ் எங்கும் போகவில்லை. அதற்குப் போகும் வழிதான் மாறியிருந்தது.

அன்று எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் நம் பாட்டன்மார்கள். மனை கேட்டும் பட்டா கேட்டும் அலுவலகம் சென்றவர்களுக்கு எத்தனை முறை 'உன் கோப்பு காணோம்' என்ற விடை கிடைத்திருக்கிறது! அவர்கள் கைகட்டிக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். எழுத்தறிவு இல்லாத காலத்தில் வேறென்ன செய்ய முடியும்? அன்று மேசைக்குப் பின்னால் இருந்து வந்த விடை இன்று கண்ணாடித் திரையிலிருந்து வருகிறது. படித்த நாமும் அதே போலத் திரும்பி வந்தால் இந்த இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்கு என்ன பொருள்?

ஆகவே அந்த எண்ணின் பொருளை முதலில் அறிவோம். சிவகாசியில் அச்சகத்தைப் பார்க்காதவர் எவரும் இல்லை. சென்ற ஆண்டு அச்சிட்ட லேபிளின் மாதிரி வேண்டுமென்றால், வேலை எண்ணைச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்புகிறோம். பொறுப்பாளர் அந்த எண்ணுக்குரிய அடுக்கைப் பார்க்கிறார்; இருந்தால் தருகிறார், இல்லாவிட்டால் 'அந்த அடுக்கில் இல்லை' என்கிறார். இணையதளமும் இப்படித்தான். நாம் தொடும் இணைப்பு அந்தச் சீட்டு; சர்வர் எனப்படும் வழங்கிக் கணினியே பொறுப்பாளர். 'நீங்கள் எழுதிய இடத்தில் எதுவும் இல்லை' என்பதே 404. 'எங்குமே இல்லை' என்று அது சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

உலகளாவிய வலையை டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் முன்மொழிந்தார். உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் முறை 1996-இல் விதியாக எழுதப்பட்டபோது இந்த எண்களும் அதில் இடம்பெற்றன. மூன்று இலக்கங்களில் முதல் இலக்கமே முதன்மையானது. 2 என்று தொடங்கினால் கேட்டது கிடைத்தது. 3 என்றால் இடம் மாறியிருக்கிறது, அங்கே போ என்று பொருள். 4 என்றால் வந்த கோரிக்கையை ஏற்க இயலவில்லை என்கிறது. 5 என்றால் கோளாறு வழங்கியின் பக்கத்தில். 500, 503 போன்றவை அவ்வகை. கடைசி நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் நுழைய, தளம் திணறி நிற்கும்போது பெரும்பாலும் வருவது 503. அப்போது உங்கள் தாள்களைக் கிளறிப் பயனில்லை. அதிகாலையில் எழுந்து முயல்வதே வழி.

நான்காம் வரிசையில் நான்கு எண்களை அறிந்தால் போதும். 401 என்றால் நீ யாரென்று முதலில் சொல், உள்நுழைந்து வா என்று பொருள். 403 என்றால் நுழைவு மறுப்பு. நம் முன்னோர் நன்கறிந்த விடை இது! 404 என்றால் அவ்விடத்தில் இல்லை. 410 என்றால் இருந்தது, நிலையாக நீக்கப்பட்டது. இவற்றோடு ஒரு நுட்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உனக்குத் தர மாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், அந்தப் பொருள் இருப்பதையே காட்டிக்கொள்ளாமல் 404 என்று விடையளிக்கவும் வழங்கிக்கு விதி இடம் தருகிறது. எனவே உள்நுழைவுக் காலம் முடிந்துபோன பின் தொட்டாலும், இன்னொருவர் தம் கணக்கிலிருந்து எடுத்து அனுப்பிய இணைப்பைத் தொட்டாலும், இருக்கும் கோப்பே இல்லை என்று காட்டப்படலாம்.

4 என்று தொடங்குவதால் பிழை உங்களுடையது என்று கூனிக் குறுகவும் வேண்டா. கோப்பை இடம் மாற்றிவிட்டுப் பழைய வழியில் அறிவிப்புப் பலகை வைக்காமல் விட்டவர் அவர்களாகவும் இருக்கலாம். நல்ல முகவரிகள் மாறக் கூடாதென்றும், அவை மாறுவதற்குக் காரணம் அவற்றை நடத்துவோரே என்றும் வலையைப் படைத்த பெர்னர்ஸ்-லீயே 1998-இல் எழுதியிருக்கிறார்.

இனிச் செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்லுகிறேன். குறித்துக்கொள்ள விரும்புவோர் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, திரையைப் படம் பிடியுங்கள். எண்ணும், மேலே உள்ள முகவரியும், நாளும் நேரமும் தெரிய வேண்டும். நாளை எவரிடமேனும் முறையிட நேர்ந்தால் அதுவே நம் சாட்சி.

இரண்டாவது, முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வாட்சப்பில் வந்த இணைப்பு பாதியில் முறிந்திருக்கலாம். வாக்கியத்தின் முற்றுப்புள்ளி முகவரியோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் பல வழங்கிகளுக்கு வெவ்வேறு. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவது அதற்கு வேறு கோப்பு. தமிழ்ப் பெயரிட்ட கோப்பானால் இன்னும் விழிப்பு வேண்டும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினியோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்று ஐந்தாகக் கொள்கிறது. யூ.டி.எப்.-8 என்னும் முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்துகளாக விரியும். ஆக அந்த ஒரு சொல் 45 எழுத்துகளாக நீள்கிறது. அதில் ஒன்று உதிர்ந்தாலும் கோப்பு கிடைக்காது.

மூன்றாவது, கொல்லைப்புறத்தை விட்டு முன்வாசலுக்கு வாருங்கள். பழைய இணைப்பை மூடிவிட்டுத் தளத்தின் முகப்பைத் திறந்து, புதிதாக உள்நுழைந்து, உங்கள் விண்ணப்ப எண்ணைக் கொண்டு நீங்களே தேடுங்கள். நான் சொன்ன மாணவியின் சிக்கல் இந்தப் படியிலேயே தீர்ந்தது. ஆகையால் கோப்பின் இணைப்பைக் காட்டிலும் விண்ணப்ப எண்ணே நிலையான செல்வம். அதை நோட்டில் மையால் எழுதி வையுங்கள்.

நான்காவது, கருவியை மாற்றிப் பாருங்கள். உலாவி சில வேளைகளில் தான் முன்பு கண்ட பழைய பக்கத்தையே மறுபடியும் காட்டும். தற்காலிக நினைவகத்தை அழித்துவிட்டோ, வேறு உலாவியிலோ, வேறு கைப்பேசியிலோ முயலுங்கள். அங்கே வந்துவிட்டால் குறை எங்கிருந்தது என்பது விளங்கிவிடும்.

ஐந்தாவது, கோப்பு வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். எத்தனையோ முறை கோப்பு கைப்பேசியின் பதிவிறக்கப் பெட்டியில் வந்து கிடக்க, நாம் வரவில்லை என்று திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்கிறோம். வந்தும் திறக்காவிட்டால் அதன் அளவைப் பாருங்கள். ஒரு பக்கச் சான்றிதழ் ஓரிரண்டு கிலோபைட்டாக இருப்பது அரிது. அவ்வளவு சிறிதாக இருந்தால், பிழை அறிவிப்புப் பக்கமே பி.டி.எப். என்னும் பெயர் சூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடும். எழுத்துக்கோப்புகளைத் திறக்கும் செயலியால் திறந்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். மெய்யான பி.டி.எப். கோப்பின் தொடக்கத்தில் விழுக்காட்டுக் குறியும் அந்த மூன்று ஆங்கில எழுத்துகளும் இருக்கும்.

ஆறாவது, இவ்வளவும் செய்து கிட்டாவிட்டால் எழுத்தால் முறையிடுங்கள். 'டவுன்லோட் ஆகவில்லை' என்று மட்டும் எழுதினால் எவருக்கும் ஒன்றும் விளங்காது. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன முகவரி, இன்ன எண் வந்தது, இன்னின்ன முயன்றேன் என்று ஐந்து வரி எழுதிப் படத்தையும் இணைத்தால், பெறுபவர் தட்டிக்கழிக்க வழியில்லை.

டிஜிலாக்கர் பற்றி ஒரு சொல். 2015 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட அந்தப் பெட்டகத்தில் வழங்கப்பட்ட ஆவணமாகக் கிடைக்கும் மதிப்பெண் பட்டியல் மூல ஆவணத்துக்கு நிகரானது என்று விதியே உண்டு. ஆனால் அங்கே நமக்குத் தெரிவது பெரும்பாலும் ஆவணத்தைச் சுட்டும் குறிப்பு. ஆவணம் இருப்பது அதை வழங்கிய துறையின் கிடங்கில். துறையின் வழங்கி உறங்கினாலும், பெயரின் எழுத்தோ பிறந்த நாளோ ஒத்துவராவிட்டாலும் 'பதிவு இல்லை' என்று வரும். எனவே நலமாக இயங்கும் நாளிலேயே படியை இறக்கிச் சேமித்துவிடுங்கள்.

இனி, கோப்பு மெய்யாகவே போய்விட்டால்? அதுவும் நடப்பதுண்டு. 2013-இல் வலையில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் கிடைக்காமற் போயின என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் அறிவித்தது. இதற்கும் ஒரு மருந்து உண்டு. 1996-இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் காப்பகம் வலைப்பக்கங்களைப் படியெடுத்து வைத்துவருகிறது. வேபேக் மெஷின் என்னும் அதன் தேடுபொறியில் போய்விட்ட முகவரியை இட்டால், பழைய அரசாணையோ அறிக்கையோ நூலோ கிடைக்கலாம். ஆனால் கடவுச்சொல்லுக்குப் பின்னால் உள்ள உங்கள் சொந்தச் சான்றிதழ் அங்கே இராது, இருக்கவும் கூடாது.

அண்ணல் அம்பேத்கரின் எழுத்துகளிலிருந்தே ஒரு பாடம் சொல்லலாம். மகாராட்டிர அரசு 1979 முதல் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. 1987-இல் வந்த மூன்றாம் தொகுதியில் பண்டைய இந்தியாவில் புரட்சியும் எதிர்ப்புரட்சியும் பற்றிய நூல் இடம்பெற்றிருக்கிறது. அண்ணல் வகுத்த திட்டத்தில் உள்ள இயல்கள் அனைத்தும் கிடைக்கவில்லை. எவை கிடைத்தன, எவை கிடைக்கவில்லை என்பதைப் பதிப்பாசிரியர்கள் குறித்துவிட்டே அச்சிட்டார்கள். தலைப்பு இருக்கிறது; இயல் இல்லை. அதுவும் ஒரு 404 தான். எந்த வழங்கியைத் தட்டினாலும் அந்தப் பக்கங்கள் இனி வரமாட்டா. ஒரே படியாக இருக்கும் எழுத்துக்கு என்ன நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நமக்கு வேண்டியதில்லை.

கணினியில் கிடைக்காததால் உரிமை போய்விடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை நம் பகுதி மறக்காது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இத்தகைய விபத்திலோ, வன்கொடுமையிலோ சிக்கிய குடும்பம் இழப்பீடு கேட்க முதலில் தேடுவது முதல் தகவல் அறிக்கை. அதை 24 மணி நேரத்தில் காவல்துறை தளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 7 அன்று ஆணையிட்டது. இணைய வசதி குறைந்த இடங்களில் 72 மணி நேரம் வரை செல்லலாம். பாலியல் குற்றங்கள் போன்ற உணர்வுநுட்பமான வழக்குகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே தளத்தில் இல்லை என்றால் வழக்கே பதியவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, தகவல் தந்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ அறிக்கையின் படியை உடனே கட்டணமின்றித் தர வேண்டும். காவல்நிலையத்திற்கே சென்று கேளுங்கள்.

பிற அலுவலகங்களுக்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் விடை தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. 'கோப்பு கிடைக்கவில்லை' என்று அங்கும் எழுதி அனுப்புவார்கள். 2013 செப்டம்பர் 13 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் இதைப் பற்றித் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு காலத்தில் அலுவலகத்தில் இருந்த தகவலை, இப்போது தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மறுக்க இயலாது. முழுமையாகத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும். நம் பாட்டன்மார்கள் கைகட்டிக் கேட்ட விடை சட்டத்தின் முன் விடையாக நிற்காது என்பதே இதன் பொருள். இந்த ஒன்றையேனும் இன்று வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

முடிவாகக் கழகத்திற்கு மூன்று வேண்டுகோள்கள். ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு பதிவேட்டுப் பக்கம் திறந்து, விண்ணப்ப எண்களையும் சான்றிதழ் எண்களையும் அவர்கள் இசைவோடு எழுதிப் பூட்டி வைப்போம். ஒவ்வொரு சான்றிதழையும் அச்சுத்தாள், குடும்பத்தாரின் கைப்பேசி, தனி மின்னஞ்சல் என மூன்று இடங்களில் காக்கப் பழக்குவோம். கணினி மையத்தில் எடுத்த கோப்பை அங்கேயே விட்டுவிடாமல் அழித்து, கணக்கை மூடிவிட்டு வரவும், ஒருமுறைக் கடவெண்ணை எவருக்கும் சொல்லாதிருக்கவும் தாய்மார்களுக்குக் கற்றுத் தருவோம். தெருவுக்கு ஓர் இளைஞர் முன்வந்தால் இது ஓராண்டு வேலை.

தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான உயர்கல்வி உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. அண்ணல் அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். எத்தனை போராட்டங்களுக்குப் பின் கிடைத்த உரிமை அது! உடைந்த இணைப்பு ஒன்றுக்காக அதை நம் பிள்ளைகள் இழக்கலாமா?

அந்தச் செவிலி மாணவி படிப்பை முடித்துவிட்டாள். இன்று மாலை நம் படிப்பகத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள்தான் கணினி வகுப்பெடுக்கிறாள். திரையில் பிழை எண் வந்தால் அவள் முதலில் கேட்பது, "என்ன எண், சொல்லு பார்ப்போம்" என்பதுதான். அந்தக் கேள்வி நம் வீடுகள் தோறும் ஒலிக்கட்டும்.